மூன்றாம் ஓலைக்கு முன் ஒரு கூடாரம்

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பத்திரிகையின் கோடை மலருக்காக, ‘நண்பர்களோடு குறைந்த செலவில் கூடாரப் பயணம், திட்டமிடுவது எப்படி?’ என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். நான் கூடாரத்தில் படுத்ததே இல்லை. வில்லியனூரில் கோடைக்கு மொட்டை மாடியில் படுத்ததுண்டு. அது கொசுவோடு நடத்துகிற குடும்பம், பயணத்தில் சேராது. இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். தெரியாததைப் பற்றி எழுத எனக்கு எப்போதுமே துணிச்சல் அதிகம். தெரிந்ததை எழுதும்போதுதான் கை நடுங்கும்.

முதல் வரி இப்படி வந்தது: ‘கூடாரப் பயணம் போக நினைப்பவர்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது, யாரோடு போகிறோம் என்பதை.’

அங்கேயே கட்டுரை கெட்டது. ‘யாரோடு’ என்று எழுதிய கையோடு ஒரு பெண் வந்து எதிரே உட்கார்ந்துவிட்டாள். பெயர் ஆரோக்கியசெல்வி. வார நாட்களில் ஒரு ஸ்கேன் சென்டரில் முன்மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பாள்.

“யாரோடன்னு கேட்டீங்களே, சொல்லட்டா?” என்றாள்.

சொல் என்றேன். மேசை விளிம்பில் விரலால் ஏதோ வாசித்துக்கொண்டே இருந்தாள். எனக்கு உடம்பு சரியில்லை என்று பத்திரிகைக்குத் தகவல் அனுப்பிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

2

தொடக்கம் ஒன்று: ‘வில்லியனூர் ரயில் நிலையத்தின் கடைசி பெஞ்சில் நான்கு பேர் ஒரு மலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த மலையை அவர்களில் ஒருவரும் பார்த்ததில்லை.’

இதை வைத்துக்கொள்கிறேன். நான்கு பேர் என்றால் செல்வி, அவளுடைய உயிர்த்தோழி ஜெசிந்தா மேரி, பந்தல் போடும் கடையில் வேலை பார்க்கிற சார்லஸ், தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிற நவீன்குமார். மலை என்றால் கல்வராயன் மலை. ஒவ்வொரு கோடையிலும் அங்கே போவதென்று முடிவு செய்வார்கள். ஒவ்வொரு கோடையிலும் ஏதாவது குறுக்கே விழும். ஒரு வருடம் ஒருத்திக்குப் பரீட்சை, ஒரு வருடம் ஒருவன் வீட்டில் மஞ்சள் காமாலை, ஒரு வருடம் ஊரே அடங்கிக் கிடந்தது. ஆனால் பேச்சு மட்டும் நின்றதில்லை. சாயங்கால வண்டி வந்து போனதும் பிளாட்பாரம் காலியாகிவிடும். மரத்துக் காற்று மெல்ல இறங்கி வரும். ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பிப்பாள்.

“ஓடை சத்தம் கேக்குதா? அதுக்கு எடது பக்கமா எறங்குறோம்.”

“எடது பக்கம் சேறுடி,” என்பாள் செல்வி.

“அது போன தடவ. இப்ப காஞ்சிடுச்சி.”

போன தடவை என்று ஒன்று கிடையாது. ஆனாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள். பேசிப் பேசி அந்த மலை அவர்களுக்கு அவ்வளவு பழகியிருந்தது. அங்கே ஒரு பாறையில் சார்லஸ் வழுக்கி விழுந்ததைச் சொல்லி இன்றுவரை அவனைக் கேலி செய்கிறார்கள். அவனும் முழங்காலைத் தடவிவிட்டுக்கொள்கிறான். செல்விக்கு அங்கே விடிகாலையில் பனி இறங்குவது தெரியும், அந்தப் பனியில் பக்கத்தில் படுத்திருக்கும் ஜெசிந்தாவின் தலைமுடி ஈரமாவதும் தெரியும்.

தொடக்கம் இரண்டு: ‘மே மாத வெயிலில் தார்ச்சாலை உருகி—’ வேண்டாம். எல்லாக் கதைகளிலும் உருகிக்கொண்டுதான் இருக்கிறது.

தொடக்கம் மூன்று: ‘பூசை முடிவில் சாமியார் ஓலை வாசித்தபோது செல்வியின் விரல்கள் கீபோர்டின் மேல் இருந்தன.’

நியாயமாகப் பார்த்தால் இதுதான் முதலில் வந்திருக்க வேண்டும். எனக்கே மனசுக்குக் கஷ்டமாக இருந்ததால் பின்னால் தள்ளினேன்.

[ஓலை தெரியாதவர்களுக்கு: எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயில்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, பெண் மாப்பிள்ளை பெயர்களைச் சபையில் வாசிப்பார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் சொல்ல வேண்டும் என்று முடிப்பார்கள். யாரும் போய்ச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்த நேரத்தில் பாதிப் பேர் வாசலில் செருப்பு தேடிக்கொண்டிருப்பார்கள்.]

வாசித்தது ஜெசிந்தா மேரியின் பெயரை. மாப்பிள்ளை பிரான்ஸ் குடியுரிமைக்காரர், பாரிசுக்கு வெளியே ஏதோ ஊரில் வேலை. நல்ல மனிதர். வீடியோவில் பேசும்போது பக்கத்தில் செல்வி இருந்தால், “நீங்க சாப்டீங்களா?” என்று அவளையும் கேட்பார். அவரைக் கெட்டவராக்க இரண்டு பத்தி எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அவர் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாததுதான் செல்விக்குப் பெரிய சங்கடம். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் சொன்னபோது அவளுக்குத் தெரிந்த தடை ஒன்றே ஒன்று. இவள் போய்விட்டால் என்னால் தாங்க முடியாது. இதைக் கொண்டுபோய் எந்தச் சாமியாரிடம் சொல்வது? ஜெசிந்தாவிடம் சொல்லலாம். சொல்லத்தான் நினைக்கிறாள். வாய் வரை வருகிறது, அதற்குள் யாராவது டோக்கன் கேட்கிறார்கள், அல்லது யாராவது சுருதி கேட்கிறார்கள்.

இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. அன்று சாயங்காலம் பெஞ்சில் அவள் சொன்னாள்: “இந்த வாரமே மலைக்கிப் போயிடலாம். நெசமாவே.”

மற்ற மூவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ‘நெசமாவே’ என்ற சொல்லை அந்த பெஞ்ச் அதுவரை கேட்டதில்லை.

அவள் திட்டம் இது. மலையில், ஓடைக்கு இடது பக்கம், பனி இறங்கும்போது, பையன்கள் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போது, சொல்லிவிடுவது. மூன்றாம் ஓலைக்கு முன்னால் சொல்லிவிடுவது.

3

இங்கே நீங்கள் என் தோளைத் தட்டிக் கேட்பீர்கள், இது நட்பா, வேறு ஏதாவதா என்று. எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. செல்வியிடமே கேட்டேன்.

“பேரு வெக்காம எழுத மாட்டீங்களா?” என்றாள்.

எழுதுகிறேன். ஜெசிந்தா பக்கத்தில் உட்கார்ந்தால் இவளுக்கு வாசிப்பதில் தப்பே வராது, அவள் வராத ஞாயிற்றுக்கிழமை ‘ஆமென்’ கூடத் தடுமாறும். இதற்கு மேல் எனக்கும் தெரியாது.

இன்னொரு சந்தேகத்தையும் ஒப்புக்கொள்கிறேன். நவீன்குமாரை நான் வண்டிக்காகத்தான் கதைக்குள் கொண்டுவந்தேன். நான்கு பேர் பயணம் போகக் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி வேண்டும், குட்டியானைக்கு டிரைவர் வேண்டும். அவனுக்கென்று ஒரு துக்கம், ஒரு ஆசை, ஒரு தழும்பு எதுவும் நான் கொடுக்கவில்லை. இரண்டாவது பிரதியில் அவனை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பிறகு அவன் வண்டியைத் துடைக்கும்போது பாடுவது காதில் விழுந்தது. அவ்வளவு மோசமாகப் பாடுகிறவனை எப்படி எடுப்பது?

(ரோமன் எண்களில் பயணச் செலவை இங்கே பிரித்துக் காட்டுவதாக இருந்தது. கட்டுரைக்கான மிச்சம். நீக்கிவிட்டேன். செலவைப் பற்றி அவர்கள் வைத்திருந்த விதி ஒன்றுதான், எதையும் காசு கொடுத்து வாங்கக் கூடாது.)

4

ஆகவே கூடாரம். ஆன்லைனில் விற்கிற கூடாரத்தைச் செல்வி போனில் காட்டினாள். சார்லஸ் அதை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தான்.

“இதுக்குள்ள இன்னாத்த படுக்கறது? கோழி அடைக்கலாம். மாதா திருநா முடிஞ்சி துணியெல்லாம் தொவச்சி கொடோன்ல கெடக்குது. ஓனராண்ட ஒண்ணு கேட்டு எடுத்தாரேன்.”

கொண்டுவந்தது ஒரு முழு சாமியானா. வெள்ளைத் துணி, ஓரமெல்லாம் நீலச் சுருக்கு. கூடவே மூங்கில், கயிறு, பழக்க தோஷத்தில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி. பந்தல் வேலை செய்கிறவனிடம் கூடாரம் கேட்டால் வேறு எது வரும்? அதைப் பார்த்து ஒருவருக்கும் எதுவும் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து அந்தத் துணிக்கு அடியில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். எனக்கும் அப்போது தோன்றவில்லை, எழுதிக்கொண்டிருந்தவன் நான்தான் என்றாலும்.

அடுத்து ஜெசிந்தாவின் அம்மா அந்தோணி மேரி.

“ஓலை படிச்ச பொண்ணு ஊரு தாண்டக் கூடாது. மலையாம் மலை. எவ சொன்னது, செல்வியா?”

“ஒரே ஒரு ராத்திரிம்மா,” என்றாள் செல்வி.

“ஒனக்கு ஒரு ராத்திரி. நாளைக்கி மாப்ள வூட்ல கேட்டா நான் இன்னா சொல்றது?”

பேசிப் பேசிக் கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. முதலில் பக்கத்திலேயே எங்காவது ஒரு பகல் ஒத்திகை. துணி காற்றுக்கு நிற்கிறதா, சோறு வேகிறதா என்று பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு மலையைப் பற்றி யோசிக்கலாம். அந்தோணி மேரி யோசிக்கலாம் என்று சொன்னால் நடக்காது என்று அர்த்தம். அது செல்விக்கும் தெரியும். ஆனாலும் வண்டியில் ஏறினாள்.

ஒத்திகைக்கு இடம் பாகூர் ஏரி. வண்டியில் முன்னால் ஜெசிந்தா, பின்னால் துணிமூட்டை மேல் செல்வியும் சார்லசும். எங்கள் யூனியன் பிரதேசம் துண்டு துண்டாகக் கிடப்பது, நடுநடுவே தமிழ்நாடு குறுக்கிடும்; கரிக்கலாம்பாக்கம் தாண்டியதும் நவீன்குமார் தலையை வெளியே நீட்டிக் கத்தினான்.

“வழியில தமிழ்நாடு வருதே, அது ஊரு தாண்டுனதுல சேருமா?”

“அவங்கம்மாவாண்ட கேக்காத,” என்றான் சார்லஸ்.

5

பாகூர் ஏரியைப் பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது? மழைக்காலத்தில் கடல் மாதிரிக் கிடக்கும் என்று எழுதி அடித்துவிட்டேன். இது மே மாதம். தண்ணீர் உள்வாங்கி எங்கோ நடுவில் ஒரு வெள்ளிக் கோடாக இருந்தது. மற்ற இடமெல்லாம் வெடித்த மண், அங்கங்கே பசும்புல், மாடுகள். கரைக்குக் கீழே, சாலையிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில், சார்லஸ் நாலு மூங்கிலை ஊன்றித் துணியைக் கட்டினான். கை தானாக வேலை செய்தது. கட்டி முடித்து நாற்காலிகளை வரிசையாகப் போட்டான்.

செல்வி உள்ளே போய் அண்ணாந்து பார்த்தாள். வெயில் துணியில் வடிந்து, இளநீர் நிறத்தில் இறங்கியிருந்தது. காற்று வரும்போது துணி மெல்ல உப்பி, மெல்ல அடங்கியது, தூங்குகிறவரின் வயிறு போல. பையன்கள் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டப் போனார்கள். ஜெசிந்தா பாயில் படுத்துக் கண்ணை மூடினாள். அவள் புருவத்தில், கழுத்தில், மருதாணி வைக்கப் போகிற கையில் எல்லாம் அந்த வெளிச்சம் அசைந்தது.

“ஓடை சத்தம் கேக்குதாடி?”

செல்விக்குக் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. வெகு தூரத்தில் மாட்டு மணியோ, மதகில் கசிகிற தண்ணீரோ, எதுவாகவும் இருக்கட்டும், அவளுக்கு அது ஓடை. இடது பக்கம் சேறு காய்ந்துவிட்டிருந்தது. பனி இறங்கிக்கொண்டிருந்தது. மலைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை, வந்தாயிற்று என்று தோன்றியது. இப்போது சொல்லிவிடலாம்.

“ஜெசி,” என்றாள்.

“ம்.”

“நீ—”

(அவள் இந்த வாக்கியத்தை முடித்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். நான் தடுக்கவில்லை. தடுத்தது ஒரு மோட்டார் பைக்.)

6

கரைமேல் வண்டியை நிறுத்திவிட்டு ஒருவர் இறங்கி வந்தார். தலையிலிருந்து துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி நவீன்குமாரிடம் கேட்டார்.

“எப்ப எடுக்கறாங்க?”

“எத?”

அவர் சாமியானாவைப் பார்த்தார். வாழைமரம் இல்லை, சீரியல் பல்பு இல்லை, ரேடியோ இல்லை. வெறும் வெள்ளைத் துணி, வரிசையாக நாற்காலி, ஓரத்தில் புகை. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு பந்தல் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கல்யாணப் பந்தலுக்கு அழைத்தால்தான் போவோம். சாவுப் பந்தலுக்கு அழைப்பு வேண்டாம், கண்ணில் பட்டாலே போயாக வேண்டும்.

“அண்ணா, இது டென்ட்டுண்ணா. சும்மா தங்கறதுக்கு,” என்றான் சார்லஸ். அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

“வூடு இல்லியாப்பா ஒங்களுக்கு?” என்று கேட்டுவிட்டு, பதில் புரியாமல், போகவும் மனம் வராமல், அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள். நவீன்குமார் மூன்று பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தான். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

சின்னபொண்ணு வந்தது இதற்கப்புறம்தான். ஏரியில் நூறு நாள் வேலை முடிந்து, மண்வெட்டியும் தூக்குவாளியுமாகக் கரையோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள். பந்தலைப் பார்த்தாள். மண்வெட்டியைக் கீழே வைத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகத் துணிக்குள் வந்தாள்.

துக்க வீட்டுக்கு வருகிற பெண் முதலில் எதுவும் கேட்க மாட்டாள். யார், எப்படி, எப்போது என்பதெல்லாம் பிறகு. முதலில் அங்கே இருக்கிற பெண்ணின் தோளில் கை போட வேண்டும், சேர்ந்து அழ வேண்டும். சின்னபொண்ணு பாயில் இரண்டு பெண்களைப் பார்த்தாள். ஒருத்தி எழுந்து உட்கார்ந்து விழித்துக்கொண்டிருந்தாள். மற்றவள் முகத்தைப் பார்த்ததும், யாருக்குத் துக்கம் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. செல்வியின் பக்கத்தில் உட்கார்ந்து, மண் ஒட்டிய இரண்டு கைகளாலும் அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

“யம்மாடி, எந்தாயி, இன்னா பண்ணுவ நீ இனிமே!”

செல்வி சொல்லத்தான் போனாள். இல்லம்மா, இது டென்ட்டு, நாங்க சும்மா வந்தோம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஆனால் அந்தக் கேள்வியை இதுவரை ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை. இன்னா பண்ணுவ நீ இனிமே. முன்பின் தெரியாத ஒருத்தியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அவள் அழ ஆரம்பித்தாள். முதலில் சத்தமில்லாமல், பிறகு சத்தமாக, பிறகு கோயிலிலும் வீட்டிலும் பெஞ்சிலும் அழாமல் வைத்திருந்தது எல்லாவற்றையும் சேர்த்து. சின்னபொண்ணு அவள் முதுகைத் தடவிக்கொண்டே தானும் அழுதாள். அவளுக்கும் யாராவது இருந்திருப்பார்கள்.

வெளியே மூன்று பேரும் மரியாதையாக எழுந்து நின்றார்கள். சார்லஸ் அடுப்பை அணைத்தான். நவீன்குமார் ஏன் என்று தெரியாமலே தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். (அவனை நீக்காதது நல்லதாகப் போயிற்று.)

ஜெசிந்தா மட்டும் அசையாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் சாகாத ஒரு பந்தலில் தன் தோழி அப்படி அழுவதை.

7

அழுகை ஒருவாறு அடங்கியதும் சின்னபொண்ணு கேட்டாள்.

“யாரும்மா?”

செல்வி தலையை ஆட்டினாள். சின்னபொண்ணு மேற்கொண்டு கேட்கவில்லை. தூக்குவாளியில் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றி அவள் முகத்தைக் கழுவிவிட்டாள். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பதால் சொல்லாமலே எழுந்து, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். உள்ளே இரண்டு பேர்தான் இருந்தார்கள். துணி உப்பி அடங்கியது.

“எதுக்குடி அப்படி அழுத?” என்றாள் ஜெசிந்தா.

இங்கேதான் நான் பல நாள் நின்றுவிட்டேன்.

ஒரு முடிவில் செல்வி, “பொகைடி, கண்ணு எரிஞ்சிது,” என்கிறாள். ஜெசிந்தா நம்பியது போல் இருந்துவிடுகிறாள். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வருகிறார்கள். மூன்றாம் ஓலை வாசிக்கப்படுகிறது, கீபோர்டில் ஒரு தப்பும் வரவில்லை. இதுதான் நம்பக்கூடிய முடிவு. பத்துப் பேரில் ஒன்பது பேர் இப்படித்தான் செய்வார்கள். நானும் இப்படித்தான்—

இன்னொரு முடிவில் அவர்கள் நேராக அங்கிருந்தே மலைக்குப் போகிறார்கள். நவீன்குமார் பாடுகிறான். அந்தோணி மேரி போன் மேல் போன் போடுகிறாள், யாரும் எடுக்கவில்லை. மலையில் ஓடை இருக்கிறது, ஆனால் இடது பக்கம் இறங்க வழியில்லை, முள். எழுதும்போது சந்தோஷமாக இருந்தது. படித்துப் பார்த்தால் எல்லோரும் சினிமாவில் நடிக்கிற மாதிரி இருந்தார்கள்.

மூன்றாவதில் செல்வி பங்குச்சாமியாரிடம் போய், “சாமி, ஒரு தடை தெரியும்,” என்கிறாள். அவர் எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைக்கிறார். அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. அவருக்கு என்ன பதில் கொடுப்பது?

மூன்றையும் செல்வியிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “நான் அவளாண்டதான் சொன்னேன்,” என்றாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். எழுதுகிறவனுக்கே சொல்லாத பாத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆகவே அந்த இடத்தை விட்டுவைக்கிறேன். போகாதே என்று நீங்கள் யாரிடமாவது சொல்ல நினைத்துச் சொல்லாமல் போயிருந்தால், அந்த வரி உங்களிடம்தான் இருக்கும். பெரிய வரியாக இருக்காது. அழகாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. இங்கே வையுங்கள்:

“                                        ”

நீங்கள் எதை வைத்தாலும் இதற்குப் பிறகு வருவதை நான் மாற்றவில்லை. கல்யாணம் நின்றதா, ஜெசிந்தா விமானம் ஏறினாளா என்று என்னைக் கேட்காதீர்கள், அந்த நிமிடத்தில் அது அவளுக்கே தெரியாது. பாயில் நகர்ந்து வந்து, செல்வியின் முகத்தில் காயாமல் இருந்த தண்ணீரைத் தன் துப்பட்டாவால் துடைத்தாள்.

“இதச் சொல்றதுக்கு எதுக்குடி மலைக்கிப் போவணும்?” என்றாள்.

பிறகு, இன்னும் கிட்டத்தில் வந்து:

“இன்னொரு தபா சொல்லு.”